“அவசரம் ஐயா” என்று தலைப்பிட்டால் யார் திறப்பார்கள்?

வாசகர் கேள்வி – பதில்

மடற்குழு, அதாவது மெயிலிங் லிஸ்ட், ஒரு பொது மின்னஞ்சல் முகவரி. அதற்கு ஒருவர் எழுதினால் குழுவில் சேர்ந்திருக்கும் எல்லோருக்கும் போகும். திறந்த மூல மென்பொருள்களை ஆக்குகிறவர்கள் பலர் இன்றைக்கும் அங்கேதான் பேசிக்கொள்கிறார்கள். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அங்கே எப்படி எழுதுவது என்பதைப் பற்றியவை.

த.ர., கொட்டகலை: சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) இருக்கும் கொழுந்து நிறுவைக் கணக்கை வாசிக்கும் ஒரு சிறு நிரலைப் பைதன் என்ற நிரல்மொழியில் எழுதுகிறேன். பெயர்கள் தமிழில் இருந்தால் நின்றுவிடுகிறது. ஒரு மடற்குழுவில் ‘அவசர உதவி தேவை ஐயா’ என்று தலைப்பிட்டு, என்னையும் என் படிப்பையும் அறிமுகப்படுத்தி, ‘கோப்பைத் திறந்தால் பிழை வருகிறது’ என்று ஆங்கிலத்தில் கேட்டேன். நான்கு நாளாகியும் பதில் இல்லை. என் ஆங்கிலம்தான் காரணமா?

இல்லை. அங்கே எழுதுகிறவர்கள் பலருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழிதான். இலக்கணப் பிழையை யாரும் பொருட்படுத்துவதில்லை. உங்கள் கடிதத்தில் பதில் சொல்ல ஒரு பிடியும் இல்லை என்பதுதான் சிக்கல். ‘பிழை வருகிறது’ என்பது, தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போய் ‘சுகமில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு வாங்கில் உட்கார்ந்திருப்பதைப் போன்றது.

முதலில் தலைப்பு. எந்த மென்பொருள், என்ன செய்தபோது, என்ன நடந்தது: இந்த மூன்றும் அதில் இருக்கட்டும். ‘விண்டோஸ் 10, பைதன் 3.11: தமிழ்ப் பெயருள்ள சிஎஸ்வி கோப்பை வாசிக்கையில் யூனிகோட் டிகோட் எரர்’ என்று எழுதினால், அந்தப் பிழையைத் தெரிந்தவர் திறப்பார், தெரியாதவர் தாண்டிப் போவார். இரண்டும் உங்களுக்கு நல்லதே. ‘அவசரம்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். உங்கள் ஒப்படைப்புக்கு நாள் நெருங்குவது அவர்களுடைய அவசரம் அல்ல. சம்பளமில்லாமல், வேலை முடிந்து வந்து படிப்பவர்கள் அவர்கள்.

அடுத்து பிழைச்செய்தி. பைதனில் அது ‘ட்ரேஸ்பேக்’ என்ற வரியில் தொடங்கிப் பிழையின் பெயரோடு முடியும். முழுவதையும் கொப்பி பண்ணி ஒட்டுங்கள். மேற்பகுதியை வெட்டினால் நிரலின் எந்த வரியில் விழுந்தது என்று தெரியாது. கடைசி வரியை விட்டுவிட்டால் என்ன விழுந்தது என்றே தெரியாது.

உங்கள் விடயத்தில் அந்தக் கடைசி வரிதான் உயிர். பெரும்பாலும் 0எக்ஸ்8டி அல்லது 0எக்ஸ்81 என்ற பைட்டை வாசிக்க முடியவில்லை என்று அதில் இருந்திருக்கும். எழுத்துகளை எண்களாக்கிச் சேமிக்கும் குறியாக்க முறைகளில் ஒன்று யூடிஎஃப்-8. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். மெய்யெழுத்தின் தலைப்புள்ளிக்கு மூன்றாவது பைட் 8டி. உகரக் குறிக்கு 81. ஆங்கில விண்டோஸில் குறியாக்கத்தைச் சொல்லாமல் கோப்பைத் திறந்தால், பைதன் 3.11 சிபி1252 என்ற மேற்கத்திய எழுத்து அட்டவணையைப் பிடித்துக்கொள்ளும். அந்த அட்டவணையில் 8டி, 81 இரண்டு இடமும் காலி. அதனால்தான் ஆங்கிலப் பெயர்களை ஒழுங்காக வாசித்த நிரல், தமிழில் முதல் புள்ளியிலோ உகரத்திலோ விழுகிறது. கோப்பைத் திறக்கும் வரியில் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று சேர்த்துவிட்டால் சரி. எக்செலில் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று சேமித்த கோப்பானால் ‘யூடிஎஃப்-8-சிக்’ என்று கொடுங்கள். இல்லாவிட்டால் அட்டவணையின் முதல் நெடுவரிசைத் தலைப்போடு கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொள்ளும். பிழைச்செய்தியின் கடைசி வரியிலுள்ள அந்த ஒற்றை பைட் எண்ணைக் கண்டிருந்தால், குழுவில் தெரிந்த ஒருவர் இரண்டு வரியில் இதைச் சொல்லியிருப்பார்.

நிரல் முழுவதையும் அனுப்பாதீர்கள். பிழை இன்னும் வருகிற அளவுக்கு வெட்டிக்கொண்டே போய்ப் பத்து வரிக்குள் கொண்டுவாருங்கள்; பாதி வேளை வெட்டும்போதே காரணம் பிடிபட்டுவிடும். கூடவே இரண்டு வரித் தரவு, கற்பனைப் பெயர்களோடு. தொழிலாளர்களின் உண்மைப் பெயரும் சம்பள இலக்கமும் வேண்டாம்: பல குழுக்களின் மடல்கள் பொது ஆவணத்தில் சேர்ந்து தேடுபொறியில் வரும், பிறகு அழிக்க முடியாது. உங்களைப் பற்றி ஒரு வரி போதும். ஆனால் இந்த நிரல் எதற்காக என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். நீங்கள் கேட்ட வழியைவிடச் சுலபமான வழி வேறு இருக்கலாம்.

இப்படித் திருத்தி எழுதிய மடலுக்கும் பதில் இல்லையென்றால் ஒரு வாரம் பொறுத்து, அதே இழையில் (ஒரு மடலும் அதற்கு வந்த பதில்களும் சேர்ந்த தொடரில்), புதிதாகச் செய்து பார்த்ததைச் சேர்த்து ஒரு தடவை நினைவூட்டலாம்.

ச.மு., மஸ்கெலியா: திரையைப் போனில் படமெடுத்து இணைத்து அனுப்பினேன். ‘மடல் மிகப் பெரியது, மட்டுறுத்துநரின் அனுமதிக்காகக் காத்திருக்கிறது’ என்று வந்தது. ஒரு படம்தானே?

பல குழுக்களை நடத்தும் மெயில்மேன் என்ற மென்பொருளில், மாற்றாமல் விட்டால், ஒரு மடலின் எல்லை 40 கிலோபைட். போன் படம் ஒன்று மெகாபைட் கணக்கில் வரும். இணைப்பாகப் போகும்போது குறியாக்கத்தால் இன்னும் மூன்றிலொரு பங்கு கூடும். நீங்கள் டேட்டா போட்டு அனுப்புகிற அந்தப் படத்தை நூற்றுக்கணக்கானோர் டேட்டா போட்டு இறக்க வேண்டியும் வரும்.

அளவு ஒருபுறம் இருக்கட்டும். படத்திலுள்ள பிழைச்செய்தியைத் தேட முடியாது. கண் தெரியாத நிரலாளர்களின் திரைவாசிப்பான் அதைப் படிக்காது. பிழை எழுத்தாகவே போக வேண்டும். விண்டோஸின் வழமையான செய்திப்பெட்டி திரையில் இருக்கும்போது கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்திப் பாருங்கள்: பெட்டியிலுள்ள வாசகம் முழுவதும் கொப்பியாகிவிடும். பலருக்கு இது தெரியாது. கறுப்புக் கட்டளைத் திரையில் மவுஸால் இழுத்துத் தெரிவு செய்து என்டர் தட்டினால் போதும்.

படம் தேவைப்படும் இடமும் உண்டு. கொம்பு எழுத்தை விட்டுத் தனியே நிற்கிறது, புள்ளி பக்கத்தில் விழுகிறது என்பதையெல்லாம் சொல்லில் விளக்க முடியாது. அப்போது அந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டியெடுத்த ஸ்கிரீன்ஷொட்டை அனுப்புங்கள். எழுத்துருவின் பெயரையும் எழுதுங்கள்.

ஜெ.பி., பண்டாரவளை: பதில் எழுதியவருக்கு நன்றி சொல்லித் தொடர்ந்து இன்னொரு சந்தேகம் கேட்டேன். ‘மேலே எழுதாதீர்கள், வெட்டி எழுதுங்கள்’ என்று ஒரே வரியில் ஒருவர் சொன்னார். கோபித்துக்கொண்டாரா?

கோபமில்லை, வழக்கத்தைச் சொல்லியிருக்கிறார். ஜிமெயிலில் ‘பதிலளி’ என்று தட்டினால் கர்சர் உச்சியில் நிற்கும். பழைய மடல் முழுவதும் கீழே மூன்று புள்ளிக்குள் ஒளிந்துகொள்ளும். அப்படியே அனுப்பினால் வாசிப்பவர் முதலில் விடையையும் பிறகு கேள்வியையும் படிக்க வேண்டும். நான்கு பேர் பேசிய இழையில் எது எதற்கு விடை என்று ஒன்றும் விளங்காது.

மூன்று புள்ளியைத் தட்டி விரியுங்கள். நீங்கள் பதில் சொல்லும் இரண்டு மூன்று வரிகளை மட்டும் விட்டு மிச்சத்தை அழியுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் நேர் கீழே உங்கள் பதிலை எழுதுங்கள். ‘இன்னார் எழுதியது’ என்ற வரியை மட்டும் அழிக்க வேண்டாம். அது போனால் ஒருவர் சொன்னது இன்னொருவர் தலையில் விழும். நாள்தொகுப்பாக மடல் பெறுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: ஒரு நாளின் முப்பது மடலையும் அடியில் தொங்கவிட்டு ‘நன்றி’ என்று அனுப்புவது எல்லாக் குழுவிலும் நடக்கிற கொடுமை. தலைப்பையும் தொகுப்பின் பெயரிலிருந்து உரிய தலைப்புக்கு மாற்றுங்கள்.

இது நேற்று வந்த சட்டம் அல்ல. இணைய நாகரிகத்துக்காக 1995 ஒக்டோபரில் வெளியான ஆர்எஃப்சி 1855 என்ற ஆவணமே, மேற்கோள் தேவையான அளவுக்கு மட்டும் இருக்கட்டும் என்கிறது. கையொப்பம் நான்கு வரியைத் தாண்டக்கூடாது என்பதும் அதில் உண்டு. நம் ஆட்கள் பட்டம், பதவி, மூன்று தொலைபேசி இலக்கம், ஒரு பொன்மொழி என்று பத்து வரி போடுகிறார்கள். தொலைபேசி இலக்கம் பொது ஆவணத்துக்குத் தேவையே இல்லை.

வி.கே., தலவாக்கலை: பழைய மடல் ஒன்றைத் திறந்து, பதிலளி என்பதைத் தட்டி, தலைப்பை மாற்றிப் புதுக் கேள்வி கேட்டேன். ‘இழையைக் கடத்தாதீர்கள்’ என்கிறார்கள். தலைப்பைத்தான் மாற்றிவிட்டேனே?

தலைப்பு உங்கள் கண்ணுக்குத் தெரிவது. ஒவ்வொரு மடலுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. பதிலளி என்பதைத் தட்டியதுமே பழைய மடலின் எண் ‘எதற்குப் பதில்’ என்ற மறைதலைப்பில் ஏறிவிடும். பல மடல்செயலிகள் இழையைக் கோப்பது அந்த எண்ணை வைத்து. உங்கள் புதுக் கேள்வி அவர்கள் திரையில் பழைய விவாதத்தின் நடுவே போய் நிற்கும். அந்த விவாதத்தில் அக்கறை இல்லாதவர்கள் இழையோடு சேர்த்து உங்களையும் மூடிவிடுவார்கள். புதுக் கேள்விக்குப் புது மடலைத் திறந்து முகவரியை இடுங்கள்.

ந.செ., பசறை: எங்கள் பக்கம் பெரியவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அங்கே எல்லோரும் வெறும் பெயரில் விளிக்கிறார்கள். நான் என்ன செய்வது?

ஆங்கிலக் குழுவில் ‘ஹலோ’ என்று தொடங்குங்கள், போதும். ஒருவருக்குப் பதில் எழுதும்போது அவர் தன் மடலின் அடியில் எப்படிப் பெயர் போட்டிருக்கிறாரோ அப்படியே விளியுங்கள்; அவரே கொடுத்த பெயர் அது, மரியாதைக் குறைவு ஆகாது. ‘டியர் சேர்’தான் இடறும். படிப்பவர்களில் பெண்களும் பலர் இருக்கிறார்கள். தமிழ்க் குழுவானால் ‘அனைவருக்கும் வணக்கம்’ எவரையும் நோகடிக்காது. உங்களைத் தாழ்த்தி எழுதும் நான்கு வரிகளை வெட்டிவிட்டு அந்த இடத்தில் மென்பொருளின் பதிப்பு எண்ணை எழுதுங்கள். அங்கே மரியாதை என்று எடுத்துக்கொள்வது அதைத்தான்.

இ.மா., நுவரெலியா: தமிழில் எழுதி அனுப்பிய மடல் அங்கே வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறதாம். ஏன்?

பாமினியில் தட்டச்சு செய்த கோப்பிலிருந்து ஒட்டியிருப்பீர்கள். பாமினி ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போர்த்திய எழுத்துரு. போர்வை போனால் ‘தமிழ்’ என்ற சொல் ‘ஜே, கே, பி, ஓ’, பக்கத்தில் ஒரு அரைப்புள்ளி என்று நிற்கும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். மாற்றித் தரும் இணையப் பக்கங்கள் நிறைய உண்டு. அப்படியே கணினி ஜிமெயிலில் எழுதும் பெட்டியின் மூன்று புள்ளிப் பட்டியலில் ‘பிளெய்ன் டெக்ஸ்ட்’ என்பதையும் தெரிவு செய்யுங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை ஆக்குகிறவர்களின் மடற்குழு போன்ற சில இடங்களில் வண்ணமும் தடித்த எழுத்தும் கொண்ட எச்டிஎம்எல் மடல் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும்.

பெயர் வேண்டாம், பதுளை: ‘கையேட்டைப் படி’ என்று ஒரு சுட்டியை மட்டும் எறிந்தார் ஒருவர். மனம் விட்டுப் போயிற்று.

சுட்டி தந்திருக்கிறார் அல்லவா, அது பதில்தான். படித்துவிட்டு, இன்ன பகுதி விளங்கவில்லை என்று எழுதினால் அதே ஆள் பத்தி பத்தியாக விளக்குவார். வெடுக்கென்று பேசுவதையும் இழிவாகப் பேசுவதையும் பிரித்துப் பாருங்கள். இழிவாகப் பேசினால் பொறுக்க வேண்டியதில்லை. 2018 செப்டெம்பரில், லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸே தன் கடுஞ்சொற்களுக்காக லினக்ஸ் மடற்குழுவில் மன்னிப்புக் கேட்டுச் சில காலம் ஒதுங்கியிருந்தார். நடத்தை விதிகளும் அப்போதுதான் வந்தன. குழுவில் திருப்பித் திட்டாதீர்கள். மெயில்மேன் குழுவானால் குழுவின் பெயரோடு ‘-ஓனர்’ சேர்ந்த முகவரி நடத்துநர்களுக்குப் போகும்; அங்கே எழுதுங்கள்.

அ.லோ., ஹட்டன்: கேட்ட கேள்விக்கு நானே விடை கண்டுபிடித்துவிட்டேன். சொல்ல வேண்டுமா?

கட்டாயம். அதே இழையில், தலைப்பின் முன்னால் ‘தீர்ந்தது’ என்று போட்டு, எந்த மாற்றத்தால் தீர்ந்தது என்று எழுதுங்கள். ‘சரியாகிவிட்டது, நன்றி’ என்று மட்டும் எழுதினால், பிறகு அதே பிழையைத் தேடி வருகிறவர் உங்களைத் திட்டுவார்.

கோ.தே., அப்புத்தளை: ‘என்னை நீக்குங்கள்’ என்று குழுவுக்கு மூன்று தடவை எழுதிவிட்டேன். ஒருவரும் நீக்கவில்லை, சிலர் சிரிக்கிறார்கள்.

உங்கள் மடல் உறுப்பினர்களுக்குப் போகிறது. அவர்களால் உங்களை நீக்க முடியாது. பெரும்பாலும் ஒவ்வொரு மடலின் அடியிலும் விலகுவதற்கான சுட்டி இருக்கும். இல்லையென்றால், மெயில்மேன் குழுவானால், குழுவின் பெயரோடு ‘-ரிக்வெஸ்ட்’ சேர்ந்த முகவரிக்கு, தலைப்பில் ‘அன்சப்ஸ்கிரைப்’ என்ற ஒரு சொல்லை ஆங்கிலத்தில் எழுதி அனுப்புங்கள். உறுதிப்படுத்தக் கேட்டு ஒரு மடல் வரும், ஸ்பாம் பெட்டியிலும் பாருங்கள். அதற்குப் பதில் போட்டால்தான் விலகல் நடக்கும். சேர்ந்தபோது கொடுத்த முகவரியிலிருந்தே எழுத வேண்டும். கல்லூரி முகவரியில் சேர்ந்துவிட்டு ஜிமெயிலிலிருந்து கேட்டால், அப்படி ஓர் உறுப்பினரே இல்லை என்றுதான் பதில் வரும்.