இத்தாலி மலைப் பங்கருகளில இருந்த அல்பீனி பட்டாலியன் ஒரு வெடியும் வைக்கேல்ல, பிறகென்ன வரலாறு?

தம்பி, நீர் ஏதோ வீடியோ பாத்திட்டுத்தான் கேக்கிறீர் எண்டு நினைக்கிறன். கோபிக்காதையும், ஆனா உந்தக் கேள்வி எனக்குச் சுட்டது. ஏனெண்டால் அப்பிடி ஒரு பங்கருக்குள்ள 15 மாசம் கிடந்த மனிசரை நாலு வருசம் பராமரிச்சவன் நான். இத்தாலியின்ர வடகிழக்கில, ஊதினே நகரத்துக்குப் பக்கம் ஒரு சின்ன ஊர். நோன்னோ எண்டுதான் அவரைக் கூப்பிடுறனான், இத்தாலியனில தாத்தா.

அல்பீனி எண்டது இத்தாலியின்ர மலைக் காலாட்படை, 1872 இல தொடங்கினது. தொப்பியில ஒரு கறுப்பு இறகு குத்தியிருக்கும். மலையில பிறந்து வளந்த பொடியளையே அந்த மலையைக் காக்க விடுறது எண்டதுதான் யோசினை, அதால பட்டாலியன்களின்ர பேரும் ஊர், மலை, பள்ளத்தாக்குப் பேர்தான். நோன்னோ இருந்தது வால் தல்யமென்தோ பட்டாலியன், தல்யமென்தோ ஆத்துப் பள்ளத்தாக்கு. முதலாம் உலகப் போரில வந்த பேர் அது, பேந்து குளிர்யுத்த காலத்தில டொல்மெட்சோ எண்ட ஊரில இருந்த கோட்டைக்காவல் பட்டாலியனுக்கு அதையே வைச்சவை. "அல்பீனி தாரெஸ்தோ", மறிச்சு நிப்பாட்டுற அல்பீனி.

பங்கருகள் கனக்க 1931 இல முஸோலினி தொடங்கினது. ஹிட்லரோட கை கோத்துக்கொண்டே ஹிட்லர் வாற வழிக்கும் கொங்கிரீட் போட்டவர், அதால சனம் அதை "நான் நம்பேல்ல லைன்" எண்டு சொன்னது. 1942 இல வேலை நிண்டிட்டுது. 1949 இல இத்தாலி நேட்டோவில சேந்தாப்பிறகு பழசைத் திருத்தி, புதுசும் கட்டி, பழைய டாங்கியளின்ர தலையைக் கழட்டி மண்ணுக்குள்ள புதைச்சு, ஆஸ்திரியா, யூகோஸ்லாவியாப் பக்கத்தால சோவியத் டாங்கி வந்தா மறிக்கிறதுக்கு ஆக்களை இருத்தினவை. முஸோலினிக்கு வக்காலத்து வாங்கிறன் எண்டு ஒருத்தரும் கீழ வந்து எழுதவேண்டாம், நான் கதைக்கிறது உள்ளுக்கு இருந்த பொடியளைப் பற்றி.

பங்கர் எண்டால் என்னெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரத் தேவையில்ல. எங்கட வீட்டு முத்தத்தில பனங்குத்தி அடுக்கி அப்பா வெட்டினதுக்குள்ளதான் நான் பத்தாம் வகுப்புப் படிச்சது. அந்தப் புழுக்கமும் ஈர மண் மணமும் எனக்கு இப்பவும் மூக்கில இருக்கு. நோன்னோ அவற்ற பங்கரைப் பற்றிச் சொல்லேக்க முதல் சொன்னதும் ஈரத்தைத்தான். கூரையால தண்ணி சொட்டும், ஒவ்வொரு நாளும் குண்டுகளைச் சீலையால துடைக்கோணும், துவக்குக்குக் கிறீஸ் பூசோணும், காத்து வர ஒருத்தன் கையால மிசினைச் சுத்தோணும். வெளியில இருந்து பாத்தா விறகு அடுக்கின மாதிரிப் பெயின்ற் அடிச்சிருக்கும். 1968 ஆவணியில சோவியத் டாங்கியள் செக்கோஸ்லோவாக்கியாவின்ர தலைநகர் பிராகுக்குள்ள போன இரவு, சப்பாத்தைக் கழட்டாமப் படுங்கோ எண்டு சார்ஜன்ட் சொன்னவராம். இருபத்தொரு வயசு. அதுக்குப் பிறகு எத்தினையோ இரவு சப்பாத்தோடதான் படுத்தவர். சண்டை நடக்கேல்ல எண்டு எங்களுக்கு இப்ப தெரியும் தம்பி, அண்டைக்கு அவருக்குத் தெரியாது.

அந்த மலையில வெடியே கேக்கேல்ல எண்டும் இல்ல. பலூட்சா எண்ட மலையூரில இருந்த அல்பீனி முகாமுக்கு மரியா புளோட்ஸ்னர் மென்தில் எண்ட பொம்பிளையின்ர பேர். முதலாம் உலகப் போரில முதுகில கூடை கட்டி 30, 40 கிலோ குண்டும் சாப்பாடும் மலைக்கு மேல சுமந்த பெண்களில ஒராள், நாலு பிள்ளையளின்ர தாய், 1916 மாசியில களைப்பாற இருந்தவவை ஆஸ்திரியக்காரன் ஒளிச்சிருந்து சுட்டவன்.

இதில சொல்லத் தேவையில்ல, ஆனா சொல்லாமலும் இருக்க ஏலாது. என்னை வேலைக்கு விட்ட ஏஜென்சி இரவுக்குக் காசு தரேல்ல. நோன்னோ இரவில மூண்டு தரம் எழும்புவார், விழுந்தா இடுப்பு முறியும், நான் கதிரையில இருந்து விடிய விடிய முழிப்பன். கேட்டா "சும்மா இருக்கிறதுதானே" எண்டிச்சினம். ஏழு மாசக் காசு. இண்டைக்கும் வரேல்ல.

1992 இல பட்டாலியனைக் கலைச்சிட்டினம். நோன்னோ சாகிறதுக்கு முதல் வருசம் மகளின்ர காரில 1357 மீற்றர் உயரத்தில இருக்கிற மொன்தே குரோச்சே கணவாய்க்குக் கூட்டிக்கொண்டு போனனாங்கள். தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் வந்தவர். பங்கரின்ர இரும்புக் கதவை வெல்டிங் பண்ணி அடைச்சிருந்தது. பொல்லால மூண்டு தரம் தட்டிப்போட்டு காதை வைச்சுக் கனநேரம் கேட்டார். பிறகு என்னைப் பாத்து, "உள்ளுக்குத் தண்ணி நிக்குது, ஒருத்தரும் துடைக்கேல்ல" எண்டார்.