டைட்டில் இல்லாத ஹாட் ராட்: பதிவு பற்றிய கேள்வி பதில்

1920, 30களின் பழைய ஃபோர்டுகளைக் கழற்றி, பெரிய எஞ்சின் ஏற்றி, வீட்டு கராஜிலேயே கட்டி முடிக்கிற கார்தான் ஹாட் ராட். வெல்டிங்கும் பெயின்ட்டும் பழகினால் வந்துவிடும். வண்டிப் பதிவு அலுவலகமான டி.எம்.வி.யின் கவுன்டரில், டைட்டில் என்ற உரிமைச் சான்று இல்லாமல்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கலிபோர்னியாவில் நெடுநாளாக இந்த வேலையில் இருக்கிறேன் என்பதால், அமெரிக்காவின் பல ஊர்களிலிருந்தும் ஊரிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். நான் மெக்கானிக்; வக்கீல் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஃப்ரீமான்ட்: வணக்கம் அண்ணா. ஒரு பண்ணைக் கொட்டகையில் 1929 மாடல் ஏ சேசிஸ் கிடக்கிறது. பாடி இல்லை, டைட்டில் இல்லை. 900 டாலர் கேட்கிறார்கள். வாங்கலாமா?

நம்பர் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் அது பழைய இரும்பு, அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும்.

மாடல் ஏ-யில் எஞ்சின் நம்பரையே சேசிஸிலும் அடித்திருப்பார்கள். இடது பக்கச் சட்டத்தின் மேல்முகத்தில், முன்கண்ணாடிக்குக் கீழே வரும் பகுதியில் இருக்கும். பாடி மேலே உட்கார்ந்திருந்தால் அதைத் தூக்காமல் பார்க்கவே முடியாது. உங்களுக்குப் பாடி இல்லாததே ஒரு வசதி. துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். அப்புறம் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். முதலில் ஒரு நட்சத்திரக் குறி, பிறகு A என்ற எழுத்து, பிறகு எண்கள், கடைசியில் மறுபடி நட்சத்திரம் என்று ஒவ்வொன்றாகத் தெரியும். தெரியவில்லை என்றால் சாக்பீஸைத் தேய்த்துப் பாருங்கள். கிரைண்டரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பள்ளம் ஆழமே இல்லாதது, ஒரு சுற்றில் போய்விடும். அதன்பிறகு, நம்பரை வேண்டுமென்றே அழித்த வண்டிக்கும் உங்கள் வண்டிக்கும் ஆய்வாளர் கண்ணில் வித்தியாசம் இருக்காது.

நம்பர் கிடைத்ததும் படம் எடுத்து, பணம் கொடுக்கும் முன்பே உள்ளூர் போலீஸில் திருட்டுப் பதிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விற்பவரிடம் நம்பரோடு, தேதியோடு, கையெழுத்தோடு விற்பனைச் சீட்டு வாங்குங்கள். அவருக்கு அந்தச் சேசிஸ் எப்படி வந்தது என்று நாலு வரியும் எழுதி வாங்கிவிடுங்கள். இதைக் கேட்டதும் தயங்குகிற ஆளிடம் வாங்காதீர்கள்.

சேக்ரமென்டோ: சேசிஸில் ஒரு நம்பர், எஞ்சினில் வேறு நம்பர். திருட்டு வண்டியா சார்?

பெரும்பாலும் இல்லை. ஏறக்குறைய நூறு வயதான காரில் எஞ்சின் மாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் காலத்துக் காகிதங்களில் பல எஞ்சின் நம்பரை வைத்தே எழுதப்பட்டவை. பழைய எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு வி8 எஞ்சின் ஏற்றியவர்களின் கையில், வண்டியில் எங்குமே இல்லாத ஒரு நம்பருக்கு டைட்டில் இருக்கும். சேசிஸ் நம்பரைக் காட்டி, ஆய்வுக்கு உட்படுத்தி, பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். பழைய எஞ்சின் இன்னும் மூலையில் கிடக்கிறதென்றால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள், அதுவே சாட்சி.

ரிவர்சைட்: 1932 ஃபோர்டு டைட்டில் மட்டும் இணையத்தில் விற்கிறார்கள். அந்த நம்பரை என் புதுச் சேசிஸில் அடித்துக்கொண்டால் வேலை முடிந்துவிடுமே?

உங்கள் வேலையும் சேர்ந்து முடிந்துவிடும். அடையாள நம்பரை அறிந்தே மாற்றுவதோ அழிப்பதோ மத்தியச் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். மாநிலச் சட்டம் தனி. நாளைக்கு அதே நம்பருள்ள அசல் சேசிஸ் எந்தக் கொட்டகையிலிருந்தாவது வெளியே வந்தால் இரண்டில் ஒன்று பறிமுதல் ஆகும். எது என்று சொல்ல வேண்டியதில்லை.

நல்ல எண்ணத்தோடு செய்தால்கூட இதில் அடி விழும். கான்சஸில் ஒருவர் வேறு மாநிலத்தில் வாங்கிய 1959 கார்வெட்டைப் பதிவு செய்யப் போனார். முன்பு யாரோ புதுப்பிக்கும்போது நம்பர் தகட்டைக் கழற்றி மறுபடி பொருத்தியிருந்தார்கள். வண்டியை 2017-ல் போலீஸ் கைப்பற்றிக்கொண்டது. அவர் திருடினார் என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் வண்டி ஆண்டுக்கணக்கில் அடைந்து கிடந்தது. பழைய கார்களுக்கு விலக்குக் கொடுத்து அந்த மாநிலச் சட்டத்தை மாற்றியதே 2022-ல்தான். அதனால் பெயின்ட் அடிக்கக்கூட தகட்டைக் கழற்றாதீர்கள், டேப் ஒட்டிக்கொண்டு அடியுங்கள்.

சான் ஹோசே: அப்படியானால் புதுச் சேசிஸ், ஃபைபர் பாடி, கடையில் வாங்கிய எஞ்சின் என்று கட்டிய எனக்கு நேர்வழி என்ன?

அது 1932 ஃபோர்டு இல்லை என்று ஒத்துக்கொள்வதுதான் நேர்வழி. கலிபோர்னியாவில் அது "விசேஷமாகக் கட்டப்பட்ட வாகனம்" என்ற வகை. ஆர்.இ.ஜி. 343 என்ற விண்ணப்பம், கூடவே எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது, கட்டியதன் மதிப்பு எவ்வளவு என்று சொல்கிற ஆர்.இ.ஜி. 5036. பிரேக், விளக்குக்குப் பாதுகாப்புச் சான்று. பிறகு நெடுஞ்சாலைப் போலீஸான சி.எச்.பி.யின் ஆய்வு. எல்லாம் ஒத்துவந்தால் மாநிலமே ஒரு புது நம்பர் கொடுத்துத் தகட்டை அடித்துவிடும். அந்த நீலத் தகட்டில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

ரசீதுதான் இங்கே உயிர். சேசிஸ், பாடி, எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில் என்று பெரிய பாகம் ஒவ்வொன்றுக்கும் பில் வேண்டும். புதுப் பாகமென்றால் தயாரிப்பாளரின் மூலச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். பழைய எஞ்சினென்றால் அதன் நம்பரும், எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதும் பில்லிலேயே இருக்கட்டும். விற்பனை வரி கட்டியதற்கான அத்தாட்சியும் அதில்தான் இருக்கிறது. பில் இல்லாத பாகத்துக்கு வரியை மறுபடி கேட்பார்கள்.

புகைச் சோதனைக்கு ஒரு வழி உண்டு. 2001-ல் வந்த எஸ்.பி. 100 சட்டப்படி, ஆண்டுக்கு 500 வண்டிகளுக்கு மட்டும் வரிசைச் சான்றிதழ் கொடுப்பார்கள். அது கிடைத்தால், பாடியோ எஞ்சினோ எந்த ஆண்டு மாடலைப் போல இருக்கிறதோ அந்த ஆண்டின் விதியே பொருந்தும். 1932 பாடியென்றால் 1932. எதைப் போலவும் இல்லையென்றால் 1960 என்று வைப்பார்கள். 1975-ம் அதற்கு முந்தியதும் கலிபோர்னியாவில் புகைச் சோதனைக்கே போக வேண்டாம் என்பதால் இது பெரிய சலுகை. ஜனவரியின் முதல் வேலை நாளில் விநியோகம் தொடங்கும். சில ஆண்டுகளில் அன்றைக்கே தீர்ந்திருக்கிறது. பொங்கலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். வண்டி முழுதாகக் கட்டி முடிந்திருக்க வேண்டும் என்ற கவலையும் அன்றைக்கு வேண்டாம், அந்தச் சான்றிதழை முதலில் பிடியுங்கள்.

டல்லஸ்: அசல் 1931 கூப் (இரண்டு கதவுக் கார்)தான். விற்றவர் இறந்துவிட்டார், டைட்டில் தொலைந்துபோனது. டெக்சஸில் என்ன செய்வது?

பிணைப்பத்திர டைட்டில். மாநில அலுவலகத்தில் 15 டாலர் கட்டி விண்ணப்பித்தால் வண்டியின் மதிப்பை முடிவு செய்வார்கள். அந்த மதிப்பைப் போல ஒன்றரை மடங்குக்கு இன்ஷூரன்ஸ் ஏஜென்டிடம் பிணைப்பத்திரம் வாங்க வேண்டும். பயப்படாதீர்கள், முழுத் தொகையையும் கட்ட வேண்டியதில்லை. அதில் சிறு பங்குதான் உங்கள் செலவு. 3 ஆண்டுக்குள் உரிமை கொண்டாடி யாரும் வராவிட்டால் பிணை விலகிவிடும். ஒன்று, வண்டி முழு வண்டியாக இருக்க வேண்டும்: சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றும். குவியலாகக் கிடக்கும் பாகங்களோடு போனால் திருப்பி அனுப்புவார்கள்.

நியூ ஜெர்சி: நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் ஒருவர் 1930 ஃபோர்டை விற்கிறார். டைட்டிலே கிடையாது, ரிஜிஸ்ட்ரேஷன் காகிதம் மட்டும்தான் என்கிறார். ஏமாற்று வேலையா?

இல்லை. நியூயார்க் 1973-ம் அதற்குப் பிந்தியதுமான மாடல்களுக்குத்தான் டைட்டில் கொடுக்கிறது. அதற்கு முந்தியவற்றுக்கு, கைமாற்றத் தகுந்த ரிஜிஸ்ட்ரேஷனே உரிமைக் காகிதம். அதில் விற்பவர் பெயரும் வண்டியிலுள்ள நம்பரும் ஒத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சியாட்டில்: வெர்மான்டுக்குத் தபாலில் அனுப்பினால் எந்தப் பழைய வண்டிக்கும் ரிஜிஸ்ட்ரேஷன் வரும் என்கிறார்களே?

வந்துகொண்டிருந்தது. வெளிமாநிலத்தாருக்கான அந்தக் கதவை 2023-ல் மூடிவிட்டார்கள். இன்னும் அதைச் சொல்லிக் காசு வாங்குகிற இடைத்தரகர்கள் இருக்கிறார்கள், ஜாக்கிரதை.

சான் டியேகோ: ஐயா, என் கணவர் காலமாகி ஆறு மாதம் ஆகிறது. கராஜில் பாதி கட்டிய ரோட்ஸ்டர் இருக்கிறது. அதைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. "அப்படியே கொடுங்கள், 3,000 டாலர் தருகிறேன்" என்று அவருடைய நண்பர் கேட்கிறார்.

அம்மா, அவசரப்பட வேண்டாம். முதலில் காகிதத்தைத் தேடுங்கள். இந்த வேலை செய்கிறவர்கள் பில்லைப் பீரோவில் வைப்பதில்லை. டூல் பெட்டியின் அடித் தட்டு, பழைய காபி டப்பா, கராஜ் சுவரில் ஆணியில் குத்திய கட்டு, அவருடைய மின்னஞ்சல், வங்கிக் கணக்கின் பட்டியல் எல்லாம் பாருங்கள். கிடைத்ததை ஒரே கவரில் போடுங்கள். அவர் பெயரில் டைட்டில் இருந்து, சொத்து நீதிமன்ற வழக்குக்குப் போகவில்லையென்றால், ஆர்.இ.ஜி. 5 என்ற உறுதிமொழிப் படிவத்தால் உங்கள் பெயருக்கு மாற்றலாம். இறந்து 40 நாள் கடந்திருந்தால் போதும், உங்களுக்குக் கடந்துவிட்டது. டைட்டிலே இல்லையென்றால் பில்களோடு விற்கலாம். பில் இருக்கிற பாதி வண்டிக்கும் இல்லாத பாதி வண்டிக்கும் விலை வித்தியாசம் நிறைய. இந்த வேலை தெரிந்த, வாங்கும் எண்ணமில்லாத ஒருவரைக் கூப்பிட்டு மதிப்புக் கேளுங்கள். நண்பர் நல்லவராகவே இருக்கலாம். அப்படியென்றால் ஒரு மாதம் காத்திருப்பார்.

கோயம்புத்தூர்: இதே மாதிரி நம்ம ஊரில் கட்டி, விண்டேஜ் வண்டி என்று பதிவு செய்ய முடியுமா அண்ணா?

முடியாது தம்பி. 2021-ல் வந்த மத்திய விதிப்படி 50 வயது தாண்டிய வண்டிக்கு "வி.ஏ." என்ற எழுத்து வரும் தனி நம்பர் கொடுக்கிறார்கள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இல்லாமல் அசலாக இருக்க வேண்டும். ஹாட் ராட் என்றாலே அந்த மூன்றையும் மாற்றுவதுதானே! போதாததற்கு, பதிவுச் சான்றிதழில் உள்ளபடி இல்லாமல் வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தாத்தாவின் காரை அப்படியே புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அங்கே மதிப்பு அதிகம்.

ஹூஸ்டன்: அப்பாவின் 1964 அம்பாசிடரை இங்கே கொண்டுவந்து வி8 போட ஆசை. சென்னையிலேயே எஞ்சினை மாற்றி அனுப்பச் சொல்லட்டுமா, கூலி குறையுமே?

கூலி குறையும், வண்டி துறைமுகத்தில் நிற்கும். 25 வயது தாண்டியதால் பாதுகாப்புத் தர விதியிலிருந்து விலக்கு உண்டு, அதற்கு எச்.எஸ்.-7 படிவம். புகை விதியிலிருந்து 21 வயதில் விலக்கு, அதற்கு 3520-1 படிவம். ஆனால் இந்த இரண்டாவது விலக்கு, வண்டி அசல் நிலையில் இருந்தால்தான். அதனால் பழைய எஞ்சினோடு அப்படியே வரட்டும். அப்பா பெயரிலுள்ள ஆர்.சி. புத்தகம், உங்களுக்கு மாற்றிய கடிதம், சுங்கத்தின் 7501 படிவம் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். டைட்டில் கேட்கும்போது முதலில் கேட்பது இவற்றைத்தான். இங்கே பதிவான பிறகு, டெக்சஸ் விதியைப் பார்த்துக்கொண்டு எஞ்சினில் கை வையுங்கள்.

ஃப்ரெஸ்னோ: சி.எச்.பி. ஆய்வுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டே போகலாமா?

டி.எம்.வி.யில் ஒரு நாள் நகர்த்தும் அனுமதி தருவார்கள், ஆர்.இ.ஜி. 172. அதோடு இன்ஷூரன்ஸும் வேண்டும். என்னைக் கேட்டால் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போங்கள். போகும் வழியில் பிரேக் லைட் எரியவில்லை என்று நிறுத்தப்பட்டு, அப்புறம் ஆய்வாளர் முன்னால் போய் நிற்பது நல்ல தொடக்கம் இல்லை. பில்களை மறக்காதீர்கள், நகல் போதாது, அசல்.