இசை விமர்சகர்கள் புது ஆல்பத்துக்கு எப்படி மதிப்பெண் போடுகிறார்கள்? 7.4-க்கும் 7.6-க்கும் அப்படி என்ன வித்தியாசம்?

வித்தியாசம் பெரிதாக ஒன்றுமில்லை. 0.0 முதல் 10.0 வரை தசமப் புள்ளியோடு மதிப்பெண் போடுவது அமெரிக்காவின் பிட்ச்ஃபோர்க் தளத்தின் பழக்கம். மொத்தம் 101 படிகள் இருப்பதால் ஏதோ கருவியை வைத்து அளந்த மாதிரி ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. ஆனால் அந்த எண்ணை விமர்சனம் எழுதியவர் மட்டும் தனியாகப் போடுவதில்லை, ஆசிரியர் குழுவும் சேர்ந்து முடிவு செய்கிறது. இதே கலைஞரின் போன ஆல்பத்துக்கு என்ன கொடுத்தோம், இதே வகையில் இந்த வருடம் வந்தவற்றுக்கு என்ன கொடுத்தோம் என்று பார்த்து, வரிசையில் எங்கே உட்கார வைப்பது என்று தீர்மானிக்கிறார்கள். சில விமர்சனங்கள் பத்தி பத்தியாகப் பாராட்டிவிட்டு மேலே 6.9 என்று நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேட்கும் வேலைக்கு வருவோம். பெரும்பாலும் வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பே லேபிளிடமிருந்து (ஆல்பத்தை வெளியிடும் நிறுவனம்) ஸ்ட்ரீமிங் லிங்க் வந்துவிடும். யார் கசியவிட்டாலும் கண்டுபிடிக்க ஒவ்வொரு பிரதியிலும் வாட்டர்மார்க் என்ற மறைவான அடையாளம் இருக்கும். எந்தத் தேதிக்கு முன் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையும் கூடவே வரும். கவனமான விமர்சகர் லிங்க்கோடு வந்த பத்திரிகைக் குறிப்பைத் திறக்காமல் முதல் முறை முழு ஆல்பத்தையும் வரிசை மாறாமல் கேட்டுவிடுவார். "விவாகரத்துக்குப் பின் மலைக்குடிலில் எழுதியவை" என்று குறிப்பில் படித்துவிட்டால் எல்லாப் பாட்டிலும் விவாகரத்துதான் கேட்கும். இரண்டாவது சுற்று ஹெட்போனில், வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு. அடுத்தது காரிலோ சமையலறை ஸ்பீக்கரிலோ, வேறு வேலை பார்த்துக்கொண்டே. இடையில் ஓரிரு நாள் விட்டுவிட்டு, எந்த மெட்டு தானாக வாயில் வருகிறது என்று பார்ப்பதும் ஒரு நல்ல சோதனை. கடைசியாகக் கலைஞரின் முந்தைய இரண்டு ஆல்பங்களையும் மறுபடி கேட்க வேண்டும். "வளர்ந்திருக்கிறார்" என்று நினைவை நம்பி எழுதினால் மாட்டிக்கொள்வோம்.

இந்த ஒப்பீட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள், காரணம் ஒலியளவு. ஒரு டெசிபல், இரண்டு டெசிபல் கூடினாலே காது அதை "தெளிவு", "பஞ்ச்" என்று எடுத்துக்கொள்ளும். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் சுமார் -14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் ஒலியளவின் அலகு) அளவுக்குச் சமப்படுத்துகிறது, முன்கூட்டி வரும் லிங்க்கில் அந்த வசதி பொதுவாக இருக்காது. புதியதை லிங்க்கிலும் பழையதை ஸ்பாட்டிஃபையிலும் கேட்டால் புதியது சும்மாவே ஜெயிக்கும். கையால் ஒலியைக் குறைத்துச் சமமாக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். மெட்டாலிகா இசைக்குழுவின் 2008 ஆல்பம் 'டெத் மேக்னெடிக்' சத்தத்துக்காக அளவுக்கு மீறி நசுக்கப்பட்டிருந்தது, அதாவது மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள வித்தியாசமே சுருங்கிவிட்டது. கிட்டார் ஹீரோ வீடியோ விளையாட்டில் அதே பாடல்கள் அவ்வளவு நசுங்காமல் வந்ததும் குட்டு வெளிப்பட்டது. ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டு மறுபடி மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியைக் கடைசியாகச் சரிசெய்யும் வேலை) செய்யச் சொல்லி மனுவே போட்டார்கள்.

நேரம் அடுத்த தொல்லை. 2013 டிசம்பர் 13 அன்று பியான்சே எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரு முழு ஆல்பத்தை ஐட்யூன்ஸில் இறக்கினார். அப்படி வந்தால் விமர்சகருக்கும் ரசிகருக்கும் ஒரே நேரத்தில்தான் கையில் கிடைக்கும், ஆனால் விமர்சனம் மட்டும் உடனே வேண்டும். ஓரிரு முறை கேட்டு எழுதுபவர் பாதுகாப்பாக 7-க்கும் 8-க்கும் நடுவில் போய் நிற்பார். எண்கள் அங்கே குவிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. யாருக்கும் தெரியாத குழுவின் சுமாரான ஆல்பத்தை எந்த ஆசிரியரும் விமர்சனத்துக்கு எடுப்பதே இல்லை.

தவறிய தீர்ப்புகளைப் பிட்ச்ஃபோர்க்கே 2021-இல் திரும்பிப் பார்த்தது. 2003-இல் 0.0 வாங்கிய பாடகி லிஸ் ஃபேரின் ஆல்பம் 6.0 ஆனது, டாஃப்ட் பங்கின் 'டிஸ்கவரி' 6.4-இலிருந்து 10-க்குப் போனது, இன்டர்போலின் முதல் ஆல்பம் 9.5-இலிருந்து 7.0-க்கு இறங்கியது. பாடல்கள் அதேதான், பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வரிசை மாறிவிட்டது. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை இன்னும் ஒரு படி மேலே போய் 2022-இல் நட்சத்திரம் போடுவதையே நிறுத்திப் பார்த்தது.

இனி மெட்டாகிரிட்டிக், பல பத்திரிகைகளின் விமர்சனங்களைச் சேர்த்து நூற்றுக்கு ஒரே மதிப்பெண் தரும் தளம். குறைந்தது நான்கு விமர்சனங்கள் சேர்ந்தால்தான் அங்கே மொத்த மதிப்பெண் வரும். அது சாதாரண சராசரியும் அல்ல, எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு எடை என்பதை அவர்கள் வெளியே சொல்வதில்லை. எண்ணே போடாத விமர்சனங்களுக்கு அந்தத் தளத்தின் ஊழியர்களே படித்துப் பார்த்து ஒரு எண் கொடுத்துவிடுவார்கள். பெரிய கோளாறு நட்சத்திரக் கணக்கில் இருக்கிறது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் என்றால் பிரிட்டிஷ் பத்திரிகைகளில் "நன்றாக இருக்கிறது, கேட்கலாம்" என்று பொருள். மெட்டாகிரிட்டிக்கில் அது 60 ஆகி, கலவையான வரவேற்பைக் குறிக்கும் மஞ்சள் கட்டத்தில் விழும், நல்ல வரவேற்பைக் குறிக்கும் பச்சை 61-இல்தான் தொடங்குகிறது. ஆனந்த விகடன் ஒரு படத்துக்கு நூற்றுக்கு 43 கொடுத்தபோது நல்ல படம் என்று நமக்குத் தெரிந்தது, விகடன் படிக்காதவர் ஃபெயில் என்றுதான் நினைத்திருப்பார். அதே கதைதான் இது.

ஆகவே மொத்த எண்ணை விட்டுவிட்டுப் பரவலைப் பாருங்கள். எல்லாரும் 70 முதல் 80 வரை கொடுத்து வந்த 75 வேறு, பாதிப் பேர் 100-உம் பாதிப் பேர் 50-உம் கொடுத்து வந்த 75 வேறு. முதலாவது பெரும்பாலும் குறையும் இல்லாத, நிறையும் இல்லாத ஆல்பம். இரண்டாவதில் 50 கொடுத்தவரின் விமர்சனத்தை முதலில் படியுங்கள். "குரலை ஆட்டோட்யூனில் முக்கி எடுத்திருக்கிறார்கள்" என்று அவர் திட்டியிருந்து, உங்களுக்கு ஆட்டோட்யூன் (குரலின் சுருதியைத் திருத்தும் மென்பொருள்) பிடிக்கும் என்றால், உடனே ப்ளே பண்ணிவிடலாம்.