முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தால் விவாகரத்து ஆகிவிடுமா?

கேள்வி: கணவர் சோமனூரில் கூலிக்குத் தறி ஓட்டுகிறார். மூன்று மாதமாக ஏழு வயது மகளோடு கோபியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். முத்திரைத்தாளில் எழுதி அத்துவிட்டுக்கொள்ளலாம், பாப்பாவைக் கணவர் வீட்டாரிடம் விட்டுவிடு என்கிறார்கள் பெரியவர்கள். வக்கீல் வைத்தால் என்ன பிரயோஜனம்? செலவுக்கும் வழியில்லை.

பதில்: முதலில் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பெரியவர்களைக் குறை சொல்லவில்லை. நகையையும் சீரையும் திரும்ப வாங்குவதில் அவர்கள் பேச்சு பல நேரம் எடுபடும். ஆனால் சட்டப்படி நடந்த கல்யாணத்தை நோட்டரி முத்திரை முறிக்காது. சாதி வழக்கப்படி தீர்த்துவிட்டதை இந்து திருமணச் சட்டம் ஏற்க இடமுண்டு என்றாலும், அப்படியொரு வழக்கம் காலங்காலமாக இருக்கிறதென்று சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். அது லேசில் நடக்காது. குழந்தையை விட்டுக்கொடுத்து எழுதியது நீதிபதியைக் கட்டுப்படுத்தாதுதான். ஆனாலும் எதிர்தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான்.

நல்ல வக்கீல் செய்யும் முதல் வேலை, விவாகரத்து, குழந்தை, ஜீவனாம்சம் மூன்றையும் தனித்தனியாகப் பிரிப்பது. விவாகரத்துக்கு இப்போது அவசரமில்லை. பரஸ்பர சம்மத மனுவுக்கே ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும். ஜீவனாம்சத்துக்கு விவாகரத்து தேவையே இல்லை. ஜீவனாம்சத்துக்கான பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இப்போது 144 ஆகியிருக்கிறது. நீங்கள் வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம்.

குழந்தை விஷயம்தான் கவனமாகப் பார்க்க வேண்டியது. ஐந்து வயதுக்குள் என்றால் பொதுவாக அம்மாவிடம்தான் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். உங்கள் மகள் அதைத் தாண்டிவிட்டாள். இனி அவளுடைய நலன்தான் அளவுகோல். குழந்தை யாரிடம் இருப்பது என்பதற்கான மனுவை, குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். 'அவள் ஊர் சோமனூர், சும்மா கூட்டிப் போய்விட்டாள்' என்று அந்தத் தரப்பு சொல்லும். ஆகவே உடனே அவளைக் கோபியில் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். டி.சி. தாமதமானாலும் அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அப்புறம், அப்பா போன் செய்தால் பேச விடுங்கள். தடுத்தால் அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

அடுத்தது வருமானம். தறிக்காரருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. 'பாவு (தறியில் ஏற்றும் நூல்) வரலைங்க, தறி நின்னு கிடக்குது' என்பார். கரண்ட் கனெக்‌ஷன் மாமனார் பேரில் இருக்கும். 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி இருவருமே சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அதில் அவர் மறைப்பதை கரண்ட் பில், கூலி வரவான வங்கிக் கணக்கு, ஜவுளி உற்பத்தியாளரின் கூலிச் சீட்டு ஆகியவற்றை வரவழைத்து வெளிக்கொண்டு வருவது வக்கீலின் கெட்டிக்காரத்தனம். தறி எத்தனை, எத்தனை ஷிப்ட், யாருக்கு நெய்கிறார் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

குடும்பநல நீதிமன்றத்தில் கவுன்சிலிங் நடக்கும். அங்கே பெரும்பாலும் நீங்களே பேச வேண்டியிருக்கும். என்ன கேட்பார்கள் என்று வக்கீலிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 'மூணே மாசத்துல முடிச்சுத் தர்றேன்' என்பவரிடம் போகாதீர்கள். நடக்காத வரதட்சணைக் கொடுமையைச் சேர்த்து எழுதச் சொல்பவரிடமும் வேண்டாம். பேசித் தீரக்கூடிய விஷயம்கூட அதோடு கெட்டுவிடும்.

சரி, செலவு. 1987-ம் வருட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கோபி நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். போகும்போது கல்யாணப் பத்திரிகை, போட்டோ, பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ், ஆதார் எடுத்துச் செல்லுங்கள். தறி வாங்க உங்கள் நகையை அடகு வைத்திருந்தால் அந்த ரசீதையும் விட்டுவிடாதீர்கள்.