குலை நோய்க்கு ஹைட்ரஜன் பெராக்சைடு தெளிக்கலாமா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் 3 ஏக்கரில் சம்பா. பிபிடி 5204 நெல் ரகம் நட்டு 50 நாள் ஆகிறது. இலையில் கண் வடிவத்தில் புள்ளி விழுந்திருக்கிறது, குலை நோய் என்கிறார்கள். பூஞ்சாணத்தைக் கொல்லப் பயிரே ஹைட்ரஜன் பெராக்சைடு சுரக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அதையே வாங்கித் தெளித்தால் நோய் நிற்குமா? மேலுரம் யூரியாவும் போட வேண்டியிருக்கிறது.

பதில்: ஐயா, நீங்கள் வீடியோவில் பார்த்தது உண்மைதான். ஆனால் அதை வாங்கித் தெளிக்க வேண்டாம். யூரியாவையும் இப்போது கையில் எடுக்காதீர்கள்.

நாளைக் காலை பனி காயும் முன் வயலில் இறங்கி நாலைந்து இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரு முனையும் கூர்ந்து, நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பும் இருந்தால் அங்கே பூஞ்சாணம் ஜெயித்துவிட்டது. அதே குலை நோய்க் கிருமி விழுந்தும், எதிர்ப்புச் சக்தி உள்ள ரகத்தில் குண்டூசித் தலை அளவு பழுப்புப் புள்ளியோடு நின்றுவிடும். அங்கே பயிர் பெராக்சைடைக் கொட்டி, தாக்கப்பட்ட செல்லைத் தானே சாகவிட்டுக் கிருமியை முடக்கியிருக்கிறது. பிபிடி 5204 குலை நோய்க்குச் சுலபமாக ஆட்படும் ரகம். அதனால்தான் உங்கள் வயலில் புள்ளி பெரிதாகிறது.

பெராக்சைடு கொட்டியும் பூஞ்சாணம் ஏன் சாவதில்லை? அது தயாராகத்தான் உள்ளே வருகிறது. பெராக்சைடு பட்டதும் அதன் செல்லில் இருக்கும் ஒரு புரதம் உருமாறி உட்கருவுக்குள் போய், தற்காப்பு மரபணுக்களை முடுக்கிவிடும். கேட்டலேஸ் நொதி பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் உடைத்துவிடும். குளுட்டாதயோன் போன்றவை மிச்சத்தைச் சமாளிக்கும். பயிர் கொட்டுவதையே அடக்கிவைக்க டெஸ்1 என்ற மரபணுவும் அதனிடம் உண்டு. அதை நீக்கிய கிருமியை நெல்லில் விட்டுப் பார்த்த ஆய்வு 2009இல் வந்தது. கிருமியால் முன்னேற முடியவில்லை. பயிர் பெராக்சைடு சுரப்பதை மருந்து கொடுத்து நிறுத்தியதும் அதே கிருமி பழையபடி வளர்ந்தது. எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது வேறொன்று: இலையைத் துளைக்கும் உறுப்பை உருவாக்க இந்தப் பூஞ்சாணம் தானே பெராக்சைடு போன்ற வீரியமான ஆக்ஸிஜன் பொருளைக் கொஞ்சம் சுரந்துகொள்கிறது. அதோடு பழகிய கிருமி அது.

நீங்கள் தெளிப்பது இலையின் மேலே சீக்கிரமே சிதைந்து போகும். கிருமி இருப்பதோ உயிருள்ள செல்லுக்குள். அளவு கூடினால் கருகுவது உங்கள் பயிர்தான்.

கிருமியை மடக்க நல்ல இடம் வாசல்தான். பூஞ்சாணத்தின் நுண்வித்து இலையில் ஒட்டி, கறுத்த குமிழ் ஒன்றை உண்டாக்கி, அதற்குள் சுமார் 80 வளிமண்டல அழுத்தத்தை ஏற்றித் துளைக்கிறது. கார் டயரில் இருப்பதுபோல் முப்பது, நாற்பது மடங்கு! அந்தக் கறுப்பு மெலனின் இல்லாவிட்டால் அழுத்தம் ஏறாது. டிரைசைக்ளசோல் என்ற பூஞ்சாணக்கொல்லி தடுப்பது அந்த மெலனினைத்தான். அதனால் ஏற்கெனவே விழுந்த புள்ளி மாறாது, புதிய இலை தப்பும். 75 சதத் தூளை லிட்டருக்கு 0.6 கிராம் வீதம், ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் 120 கிராம் கலந்து மாலையில் தெளியுங்கள். இதே நோய் கதிரின் கழுத்தில் தாக்கும் கழுத்துக் குலை வந்தால் கதிரே பதராகிவிடும். ஆகவே கதிர் வெளிவரும் தருணத்தில் வயலை மறுபடி பாருங்கள். அப்போதும் இலையில் நோய் இருந்தால் இன்னொரு தெளிப்பு வேண்டும். அறுவடைக்கு முன் விட வேண்டிய இடைவெளி பாக்கெட்டில் இருக்கும், அதைத் தாண்டாதீர்கள்.

யூரியா கூடினால் இலை கரும்பச்சையாகி மெத்தென்று ஆகும், நோய் சட்டென்று பரவும். புதிய புள்ளி நின்றபின், இலையின் பச்சையை ஒப்பிட்டு உரத் தேவையைக் காட்டும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, தேவையானதை இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். வரப்புப் புல்லிலும் இந்த வகைக் கிருமி தங்கும் என்பதால் வரப்பைச் செதுக்கிவிடுங்கள்.

அடுத்த பட்டத்துக்கு விதை கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள் கலந்து நேர்த்தி செய்யுங்கள், பயிரின் சொந்த எதிர்ப்பு முன்கூட்டியே விழித்திருக்கும். அப்புறம் நாற்றங்காலில் உமிச் சாம்பல். அதிலுள்ள சிலிக்கா இலைத்தோலை இறுக்கும்.

தெளித்த பத்தாம் நாள் புதிதாக விரிந்த மேல் இலையை மட்டும் பாருங்கள். அதில் கண் வடிவப் புள்ளி இருந்தால், இலையைக் கையோடு எடுத்துக்கொண்டு வட்டார வேளாண் அலுவலகத்துக்குப் போய்க் காட்டுங்கள்.