சூடானதும் நிற்கும் ஜெட் ஸ்கீ: சிடிஐ பெட்டியை மாற்றத்தான் வேண்டுமா?

உங்கள் கேள்வி இதுதான்: "நிலாவெளியில் வாடகைக்கு விடும் பழைய டூ ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கீ. காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. கொஞ்ச நேரம் ஓடியதும் நின்றுவிடுகிறது. ஆறவிட்டால் மறுபடியும் ஓடுகிறது. சிடிஐ பெட்டி போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?"

மாற்றாதீர்கள். குறைந்தபட்சம், மீற்றர் வைத்துப் பார்க்காமல் மாற்றாதீர்கள்.

சிடிஐ என்ற சொல் காதில் விழுந்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. பிளக்கில் தீப்பொறி பாயச் செய்யும் அந்த மின்னணுப் பெட்டி பிசின் ஊற்றி அடைக்கப்பட்டது. யாரும் திறந்து பார்க்க முடியாது. அதனாலேயே, காரணம் தெரியாத கோளாறுகளையெல்லாம் அதன் தலையில் கட்டிவிடுவது வசதியாக இருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். காசு மட்டும் உங்களுடையது.

நீங்கள் ஒன்றோ இரண்டோ ஜெட் ஸ்கீ வைத்துக்கொண்டு, மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை உழைத்து, வாடைக்காற்று எழும்பியதும் அவற்றைப் படங்கால் மூடிவிட்டுக் காத்திருப்பவர் என்று நினைக்கிறேன். அப்படியானால் சீசன் நடுவில் இந்த நோய் வந்தால் என்ன பாடு என்பது எனக்குத் தெரியும். நான் உப்புவெளியில் வள்ளங்களின் அவுட்போர்ட் எஞ்சின் திருத்துகிறவன். ஜெட் ஸ்கீ என்னிடம் பிறகுதான் வந்தது. என்விகியூ தொழிற்தகைமைச் சான்றிதழ் எதுவும் என் சுவரில் தொங்கவில்லை. அதைக் குறையாகச் சொல்ல விரும்புகிறவர்கள் இப்போதே சொல்லிவிட்டு, மேலே வாசிக்கலாம்.

இதே நோயோடு என்னிடம் ஒரு வண்டி வந்தது. இரண்டு சிலிண்டர், காபுரேட்டர் வைத்த பழைய மொடல். உரிமையாளர் என்னைவிட இளையவர், கடற்கரையோரம் சிறிய விடுதி நடத்துகிறவர். புறாத்தீவுப் பக்கம் பார்த்து ஓடிக்கொண்டிருந்தபோது வெளிநாட்டு விருந்தாளியோடு வண்டி நின்றுவிட்டது. மீன்பிடித்துத் திரும்பிக்கொண்டிருந்த கிண்ணியா நானா ஒருவர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து கரை சேர்த்தார். கரைக்கு வந்து சேர்வதற்குள் எஞ்சின் ஆறிவிட்டது. எல்லாரும் பார்க்க முதல் அழுத்தத்திலேயே ஸ்டார்ட் ஆனது. அந்த விருந்தாளியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்று உரிமையாளர் பிறகு சொன்னார்.

என்னிடம் வருவதற்கு முன் அவர் வேறோரிடம் போயிருந்தார். பெயர் வேண்டாம். குளிரூட்டிய அறை, சுவரில் பெரிய விளம்பரப் படங்கள், மேசையில் மடிக்கணினி. அந்த வண்டியில் மடிக்கணினியைச் செருக ஓட்டை எதுவும் கிடையாது என்பது வேறு விடயம். பார்த்த உடனே "சிடிஐ போய்விட்டது" என்று தீர்ப்பு. பழைய பெட்டியைக் கழற்றி, எங்கிருந்தோ எடுத்த இன்னொரு பழைய பெட்டியைப் போட்டுக் காசையும் வாங்கிவிட்டார்கள். வண்டி அடுத்த ஓட்டத்திலும் அதே மாதிரி நின்றது. மறுபடி கேட்கப் போனபோது "அப்படியென்றால் இந்தப் பெட்டியும் பழுது" என்றார்களாம்.

அவர் என்னிடம் வந்து, "அண்ணை, எஞ்சினைக் கழற்ற வேண்டுமா?" என்றுதான் முதலில் கேட்டார். "தம்பி, அது எப்படி நின்றது என்று முதலில் சொல்லுங்கள்" என்றேன்.

இதைத்தான் உங்களிடமும் கேட்கிறேன். நிற்கும்போது மூச்சுத் திணறி, இழுத்து இழுத்து, வேகம் குறைந்து நிற்கிறதா? அல்லது சுவிட்சை அணைத்தது போலச் சட்டென்று நிற்கிறதா? திணறி நின்றால் பெரும்பாலும் பெற்றோல் பக்கம். சட்டென்று நின்றால் பெரும்பாலும் தீப்பொறிப் பக்கம். "பெரும்பாலும்" என்றுதான் எழுதியிருக்கிறேன், விதிவிலக்கு உண்டு.

பெற்றோல் பக்கத்தில் இதே வேடம் போடும் ஒரு கள்ளன் இருக்கிறான்: தாங்கியின் காற்றுக்குழாயில் உள்ள சிறிய வால்வு. அது உப்பும் தூசியும் சேர்ந்து அடைபட்டால், பெற்றோல் குறையக் குறையத் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பினால் இழுக்க முடியாமல் போகும். எஞ்சின் நிற்கும். கொஞ்ச நேரம் விட்டால் காற்று மெல்ல உள்ளே கசிந்து மறுபடி ஓடும். பார்ப்பவருக்கு "சூட்டில் நிற்கிறது" என்றே தோன்றும். சோதிப்பதற்குச் சல்லிக்காசு செலவில்லை. நின்ற உடனே தாங்கி மூடியைத் திறவுங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்து, பிறகு எஞ்சின் உடனே ஓடினால், நீங்கள் சிடிஐ கடைப்பக்கமே போக வேண்டியதில்லை.

அந்த வண்டியில் அப்படி இல்லை. சட்டென்றுதான் நின்றது. உட்துறைமுகப் பக்கம் தெரிந்த ஒருவருடைய இறங்குதுறையில் அதைக் கட்டினோம். கரையோரம் முழங்கால் தண்ணீரில் ஓட்டினால் பம்பு மணலை உறிஞ்சி நாசமாகும், மூன்று அடி ஆழமாவது வேண்டும். தண்ணீர் இல்லாமல் ட்ரெய்லரில் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்.

பிளக்குக்கும் வயருக்கும் நடுவே செருகும் விளக்குச் சோதனைக் கருவி ஒன்று இருக்கிறது. தீப்பொறி பாயும் ஒவ்வொரு முறையும் மினுங்கும். அதை மாட்டி ஓடவிட்டேன். எஞ்சின் நின்றபோது, அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்தது. ஆகவே பெற்றோல் குற்றவாளி அல்ல. ஸ்டார்ட்டரை அழுத்தினேன். சுற்றுகிறது, விளக்கு எரியவில்லை.

அடுத்து நிறுத்தும் சுவிட்ச். கையில் கட்டும் நாடாவின் கிளிப் செருகும் இடத்தைக் கவனியுங்கள். பல பழைய வண்டிகளில் அந்தச் சுவிட்ச் செய்வது ஒன்றே ஒன்று: சிடிஐயின் ஒரு வயரை எர்த்தோடு சேர்த்துவிடுவது. உப்புத் தண்ணீர் உள்ளே போனால் அது தானாகவே சேர்ந்துகொள்ளும். எனவே மின்பெட்டிக்குள் அந்தச் சுவிட்ச் வயரின் இணைப்பைக் கழற்றிவிட்டுத் தீப்பொறி வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. சுவிட்ச் தப்பியது. உங்கள் வண்டியில் வந்தால், கோளாறு அங்கேதான். ஆனால் அந்த இணைப்பைக் கழற்றிய நிலையில் கடலுக்குப் போகாதீர்கள். விழுந்தால் எஞ்சினை நிறுத்த வழியில்லை. சீ டூ என்ற பெயரில் வரும் ஜெட் ஸ்கீக்களில் சிப் வைத்த சாவித்தொப்பி இருக்கிறது. அங்கே இந்த முறை செல்லாது. செருகும்போது இரண்டு குறும் பீப் கேட்டால் சாவியை அடையாளம் கண்டுவிட்டது. நீண்ட ஒரே பீப் என்றால் தொப்பியிலோ அது செருகும் முனையிலோ உப்பு, அழுக்கு. அதைத் துடைத்துவிட்டு மறுபடி செருகுங்கள்.

இப்போதுதான் மல்டிமீற்றர். எஞ்சின் ஆறுவதற்குள், மின்பெட்டியில் ஸ்டேட்டரிலிருந்து, அதாவது எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் உண்டாக்கும் கொயில்கள் உள்ள பகுதியிலிருந்து, வரும் இணைப்பைக் கழற்றி ஓம் (மின்தடை) அளந்தேன். சிடிஐக்கு மின்சாரம் கொடுக்கும் சார்ஜ் கொயில் சரியாக இருந்தது. பல்சர் கொயில், அதாவது எப்போது தீப்பொறி பாய வேண்டும் என்று சிடிஐக்குச் சைகை கொடுக்கும் சிறிய கொயில், முடிவிலி காட்டியது. உள்ளே வயர் விட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம். ஆறியதும் மறுபடி அளந்தேன். கையேட்டில் உள்ள எண் அப்படியே வந்தது! முதலில் பார்த்தவர்கள் ஆறிய வண்டியில் அளந்திருந்தால் கூட எதுவும் தெரிந்திருக்காது. அளந்தார்கள் என்று நான் நம்பவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சூட்டில் ஓம் கொஞ்சம் கூடுவது நோயல்ல. செம்பின் தடை ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.4 வீதம் கூடும். 30 பாகையில் அளந்ததை 90 பாகையில் அளந்தால் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு அதிகமாக இருக்கும், அது இயற்கை. எண் தாவினால், அல்லது முடிவிலிக்குப் போனால்தான் கொயில் போய்விட்டது. மயிர் போன்ற அந்த வயரில் ஒரு வெடிப்பு. குளிரில் இரண்டு முனையும் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் சுற்றியுள்ள பிசின் விரிந்ததும் பிரிந்துவிடும்.

உரிமையாளருக்கு நம்பிக்கை வரவில்லை. ஏற்கெனவே ஏமாந்தவர், குற்றம் சொல்ல முடியாது. எனவே பிளைவீலின், அதாவது எஞ்சினோடு சுற்றும் காந்தச் சக்கரத்தின், மூடியைக் கழற்றி, இழுப்பான் போட்டுப் பிளைவீலை எடுத்துவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் கூந்தல் உலர்த்தும் கருவியை இரவல் வாங்கினேன். மீற்றரை அவர் கையிலேயே கொடுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பல்சர் கொயிலுக்கு மட்டும் சூடு காட்டினேன். எண் மெல்ல ஏறியது, பிறகு மறைந்தது. கருவியை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் எண் திரும்பி வந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. பல்சர் கொயில் மாற்றி, பிளைவீலுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியைக் கையேட்டின்படி வைத்த பிறகு, அவருடைய முதல் சிடிஐ பெட்டியையே மறுபடி மாட்டினேன். அந்தப் பெட்டியோடுதான் இன்றும் ஓடுகிறது.

அந்தக் குளிரூட்டிய அறைக்காரர் இதைக் கேள்விப்பட்டு, "வள்ளம் திருத்துகிறவனுக்குக் குருட்டு அதிர்ஷ்டம்" என்றாராம். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் நான் ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

இனி "சாதாரண மீற்றரால் இக்னிஷன் அமைப்பை முழுமையாகச் சோதிக்க முடியாது, உச்ச வோல்ட் அளக்கும் அடாப்டர் வேண்டும்" என்று யாராவது எழுதுவார்கள். உண்மைதான். கொயில் ஓமில் நல்லதாக இருந்தும் சுமையில் விழுந்துவிடலாம். அந்த அடாப்டர் இருந்தால் பாவியுங்கள். இல்லாதவர் ஓமையாவது சூட்டில் அளக்கட்டும் என்பதே என் வாதம். சிடிஐ ஒருபோதும் பழுதாகாது என்றும் நான் சொல்லவில்லை. கொயில்கள், சுவிட்ச், எர்த், பிளக் எல்லாம் சூட்டிலும் நல்லவை என்று நிரூபித்த பிறகு எஞ்சி நிற்பது சிடிஐ மட்டும் என்றால், தாராளமாக மாற்றுங்கள்.

ஸ்டார்ட்டரே சுற்றவில்லை என்பவர்களுக்கு வேறு கதை. பற்றரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், அழுத்தும்போது 9.5க்குக் கீழே விழக்கூடாது. விழாமல் 'டிக்' என்று மட்டும் கேட்டால் ரிலேயையும் எர்த் வயரையும் பாருங்கள். ஸ்டார்ட்டரை அழுத்தியபடி, பற்றரியின் கறுப்பு முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவே வோல்ட் அளந்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் அந்த வயரின் முனையில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். 2022இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் மாதக்கணக்கில் கிடந்த வண்டிகளை எடுத்தபோது நான் அதிகம் சுரண்டியது இந்தக் களிம்பைத்தான்.

பிளக் வாங்கும்போதும் கவனம். என்ஜிகே எண்ணில் 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் உள்ளே தடை வைத்த பிளக். பிஆர்8இஎஸ் கேட்டால் மோட்டார் சைக்கிள் கடையில் "இதுவும் அதுவும் ஒன்றுதான்" என்று பி8இஎஸ் கொடுப்பார்கள். மரை ஒன்றுதான், பொருந்தும், ஓடும். ஆனால் தடை இல்லாத பிளக் எழுப்பும் மின் இரைச்சல் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் குழப்பும். பிளக் தொப்பியைத் திருகிக் கழற்றக்கூடிய மொடலாக இருந்தால், வயர் முனை கறுத்திருக்கும்போது அரை சென்றிமீற்றர் வெட்டி மறுபடி திருகுங்கள். பிளக்கைக் கழற்றி ஸ்டார்ட்டரை அழுத்துவதாக இருந்தால், வயரை எர்த் செய்யாமல் அழுத்தவே வேண்டாம். சிடிஐயை உண்மையாகவே கொல்லும் வழி அதுதான். எந்தச் சோதனைக்கு முன்னும் இருக்கையைக் கழற்றிக் காற்றோட விடுங்கள். மூடிய உடலுக்குள் பெற்றோல் ஆவி நின்றால் ஒரு சிறு பொறி போதும்.

எஞ்சின் உறுமுகிறது, வண்டி மட்டும் போகவில்லை என்று சிலர் மின் கோளாறு பட்டியலில் அதையும் சேர்க்கிறார்கள். அது மின் கோளாறு அல்ல. அடியில் உள்ள கம்பித் தட்டியில் பொலித்தீன் பை. கடற்கரைக்கு விடுமுறைக்கு வருகிறவர்கள் சோற்றுப் பொதியைத் தின்றுவிட்டுத் தாளையும் பையையும் அலைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பிரெடெரிக் கோட்டைக்குள் நிற்கும் மான்களைப் பார்த்திருப்பீர்கள். அவை அந்தப் பைகளை மெல்லுவதைப் பார்த்தும், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். பையை வாயிலிருந்து இழுத்து எடுக்கப் போனால் "மானைத் தொல்லைப்படுத்தாதீர்கள்" என்று எனக்கே புத்தி சொன்ன பெண்மணியும் உண்டு. ஜெட் ஸ்கீ கேள்விக்கு இது எதற்கு என்பீர்கள். இருக்கட்டும்.

எல்லாம் பார்த்து, கடைசியில் சிடிஐதான் என்றாகி, கொழும்பில் பஞ்சிகாவத்தையில் பழையது தேடுவதாக இருந்தால், உங்கள் பெட்டியையும் கையோடு கொண்டுபோங்கள். செருகி பொருந்துவது மட்டும் போதாது, மேலே அச்சிட்ட இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே கம்பனியின் இரண்டு மொடல்களில் செருகி ஒன்றாக இருக்கும், தீப்பொறி நேரம் வேறாக இருக்கும். மின்சாமான் திருப்பி எடுக்க மாட்டோம் என்பார்கள். சூட்டில் ஓட்டிப் பார்க்க ஒரு கிழமை தவணை தருவீர்களா என்று கேளுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.