மூணு சீட்டு தெரிந்தவர் போக்கர் மேஜையில் எங்கே மாட்டுவார்?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து நண்பர்கள் நாலு பேர் அடுத்த மாதம் கோவா போகிறோம். ரம்மியும் மூணு சீட்டும் நன்றாக ஆடுவேன். அங்கே கேசினோவின் போக்கர் அறையில் இரண்டு மணி நேரம் உட்கார ஆசை. எவ்வளவு பணம் வேண்டும்? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: தெரியாததைவிட, உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான் அங்கே பணத்தைத் தின்னும். மூணு சீட்டில் கலரை (எல்லாம் ஒரே சின்னம்) சீக்வென்ஸ் (அடுத்தடுத்த எண்கள்) ஜெயிக்கும். போக்கரில் சீக்வென்ஸை கலர் ஜெயிக்கும். காரணம் வெறும் கணக்குதான். மூன்று சீட்டில் சீக்வென்ஸ் 720 விதமாகத்தான் வரும், கலர் 1,096 விதமாக வரும். ஐந்து சீட்டில் அது தலைகீழ்: சீக்வென்ஸ் 10,200, கலர் 5,108. அரிதாக வருவது எதுவோ அதுவே பெரிய கை. அதே போல டிரையலுக்கு (மூன்றும் ஒரே எண்) மேல் எதுவும் இல்லை என்ற பழக்கத்தையும் விட வேண்டும். போக்கரில் ஒரே எண்ணில் மூன்று சீட்டு, சாதாரண சீக்வென்ஸுக்கே கீழே. ஏஸ்-2-3 மூணு சீட்டில் பெரிய சீக்வென்ஸ், இங்கே ஏஸ்-2-3-4-5 இருப்பதிலேயே சின்னது. ‘பிளைண்ட்’ என்ற சொல்லும் ஏமாற்றும்: சீட்டைப் பார்க்காமல் ஆடுவது அல்ல, பட்டனுக்கு (சீட்டுப் போடும் இடத்தைக் காட்டும் வில்லை) அடுத்த இருவர் கட்டாயமாகக் கட்டும் பணம்.

ரம்மியிலிருந்து வரும் கெட்ட பழக்கம் வேறு. 101 ஆட்டத்தில் முதலிலேயே ஸ்கூட் விட்டால், அதாவது விலகினால், 20 புள்ளி, நடுவில் 40, முழுசாக மாட்டினால் 80. விலகவே விலை உண்டு என்பதால் ‘சும்மா ஒரு சுற்று பார்ப்போம்’ என்று கை நீளும். போக்கரில் பிளைண்ட் கட்டும் முறை உங்களுடையதாக இல்லாதபோது மடக்கிப் போட்டால் செலவு பூஜ்யம். ஒன்பது பேர் மேஜையில் பத்துக் கைக்கு ஏழெட்டையாவது அப்படித்தான் போட வேண்டும். இவ்வளவு தூரம் வந்து வேடிக்கை பார்க்கவா என்று தோன்றும். ஆமாம், வேடிக்கை பார்க்கத்தான்.

பணக் கணக்கு. 100/200 மேஜை (சின்ன பிளைண்ட் 100, பெரிய பிளைண்ட் 200) என்று வைத்துக்கொள்வோம். மணிக்குச் சுமார் 25 கை போடுவார்கள். ஒரு சுற்றுக்கு 300 ரூபாய் பிளைண்ட், மணிக்கு 800-க்கு மேல். ஒவ்வொரு கையிலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து (‘பாட்’) கேசினோ தன் கமிஷனை, அதாவது ரேக், எடுக்கும். 5 சதவீதம், ஓர் உச்சவரம்போடு என்பது பரவலான வழக்கம். பாட் சராசரி 4,000 என்றால் ஒரு கைக்கு 200, மணிக்கு 5,000 ரூபாய் மேஜையைவிட்டுப் போகிறது. உங்கள் பங்கு 550 சொச்சம். எதிராளியை ஜெயித்தால் போதாது, இதையும் தாண்டி ஜெயிக்க வேண்டும். 100 பெரிய பிளைண்ட், அதாவது 20,000 ரூபாய் வைத்து உட்காருவது சரியான அளவு. தோற்றாலும் வீட்டில் இடிக்காத பணமாக அது இல்லையென்றால் போக்கர் அறை வேண்டாம், கேசினோ கப்பலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் கேசினோவுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 40 சதவீதமாகிவிட்டது. சிப் வாங்கக் கொடுக்கும் பணத்துக்குத்தான் வரி. ஜெயித்த சிப்பை மறுபடி கட்டினால் மறுபடி வரி கிடையாது. எனவே கவுன்டரில் கேட்க வேண்டியது ஒன்றே: “10,000 கொடுத்தால் கையில் எத்தனை ரூபாய் சிப் வரும்?” நுழைவு பேக்கேஜோடு தரும் ஓ.டி.பி. (ஒன் டைம் ப்ளே) சிப்பை ஒரு தடவை கட்டலாம், காசாக மாற்ற முடியாது. போக்கர் மேஜையில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

21 வயது நிரம்பியதற்கான அசல் அடையாள அட்டை வேண்டும். பணஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் டெல்டின் ராயல், பிக் டாடி போன்ற கப்பல்களுக்குக் கரையிலிருந்து படகில் கூட்டிப்போவார்கள். ஆண்கள் அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு தவிர்ப்பது நல்லது. போவதற்கு முன் போன் போட்டு அன்று எந்த பிளைண்டில் மேஜை ஓடுகிறது, காத்திருப்போர் பட்டியலில் பெயர் போடலாமா என்று கேளுங்கள்.

மேஜையில் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு அதிகம். காசிமேட்டு மீன் ஏலம் பார்த்தவருக்கு இது புதிதல்ல. உங்கள் முறையில் ‘ரெய்ஸ்’ (ஏற்றுகிறேன்) என்றால் ரெய்ஸ்தான். சொல்லாமல் 200-க்கு பதில் 1,000 ரூபாய் சிப் ஒன்றைப் போட்டால் அது வெறும் ‘கால்’ (எதிராளி கட்டியதற்குச் சமமாகக் கட்டுவது), மீதி 800 திரும்பி வரும். முதலில் 200 வைத்து, பிறகு கையைக் கொண்டுபோய் இன்னும் 600 எடுத்துவந்தால் டீலர் பின்னதை ஏற்கமாட்டார். ஆகவே தொகையை வாயால் சொல்லிவிட்டே சிப்பைத் தொடுங்கள். ஒருவர் 200-ஐ 600 ஆக்கினால் உயர்வு 400. அடுத்து ஏற்றுபவர் குறைந்தது 1,000-க்கு ஏற்ற வேண்டும். கை நடக்கும்போது பாக்கெட்டிலிருந்து பணம் சேர்க்க முடியாது, ஜெயித்த சிப்பில் பாதியைச் சட்டைப்பையில் போடவும் முடியாது. பக்கத்தில் நிற்கும் நண்பரிடம் சீட்டைக் காட்டி யோசனை கேட்பதும் கூடாது.

புதியவர்கள் அதிகம் இழப்பது கடைசி நிமிடத்தில். தோற்றுவிட்டோம் என்று நினைத்துச் சீட்டைக் கவிழ்த்துத் தள்ளிவிடுவார்கள். அது ஜெயித்த கையாக இருந்தாலும் போனது போனதுதான். கையிலுள்ள இரண்டு சீட்டையும் நிமிர்த்தி வையுங்கள், டீலர் படிப்பார். பாட் உங்கள் பக்கம் வந்து சேரும்வரை சீட்டை விடாதீர்கள். ஆட்டம் முடியும்வரை சீட்டின் மேல் ஒரு சிப் இருக்கட்டும், இல்லாவிட்டால் டீலர் குப்பையோடு வாரிவிடக்கூடும்.

கலருக்கு ஒரு சீட்டு குறையும்போது மீதம் ஒன்பது சீட்டு உதவும். மேஜையில் விரிக்கும் பொதுச் சீட்டில் இன்னும் இரண்டு வரவேண்டியிருந்தால் கலர் அமைய 35 சதவீதம் வாய்ப்பு, ஒன்றுதான் பாக்கி என்றால் 19-20. ஐந்தில் ஒரு வாய்ப்புக்குப் பாட்டில் இருப்பதில் பாதியைக் கட்டச் சொன்னால் மடக்குங்கள்.

ஊரிலேயே நாலு பேரும் காசு வைக்காமல் புளியங்கொட்டை வைத்து இரண்டு மூன்று ராத்திரி ஆடிப் பாருங்கள். பணம் வைக்கும் ஆன்லைன் போக்கரை 2025-லேயே மத்திய சட்டம் தடைசெய்துவிட்டது. கப்பலைவிட்டு இறங்கும் முன் சிப்பை மாற்றிவிடுங்கள், ஒரு கேசினோவின் சிப் அடுத்த கேசினோவில் செல்லாது. ஜெயித்த தொகைக்கு 30 சதவீதமும் செஸும் வருமான வரி உண்டு. தோற்றதை அதில் கழிக்க விடமாட்டார்கள். டி.டி.எஸ். பிடித்தால் பான் எண்ணைச் சரிபார்த்து ரசீது வாங்குங்கள்.